மஞ்சள் தடவிய சிபாரிசு

ஜூன் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். பெங்களூரில் ஊசித் தூறல். குடையை விரித்தால் அநாவசியமாகவும், மடக்கினால் அவசியமாகவும் தோன்றுகிற மழை.

வருஷம் ஐம்பதுகளின் முற்பாதி என்பதோடு விட்டுவிடுகிறேன். முன்பு ஒரு அத்தியாயத்தில் வருஷத்தைச் சொல்லப்போய், அது தப்பு என்று மூன்று வாசகர்கள் கார்டு எழுதிவிட்டார்கள். மூன்று பேரும் மூன்று வருஷம் சொன்னார்கள்.

கல்லூரி அலுவலகத்தின் கம்பிச் சன்னல் முன்னால் நானும் அப்பாவும் நின்றிருந்தோம். உள்ளே இருந்த குமாஸ்தா என் விண்ணப்பத்தை எடுத்தார். அதில் குத்தியிருந்த குண்டூசியைப் பிடுங்கி, தாள்களைப் புரட்டி, அதே இடத்தில் திரும்பக் குத்தினார்.

"ஒந்து லெட்டர் பந்திதே. இன்னொந்து பந்தில்ல" என்றார். ஒரு கடிதம் வந்திருக்கிறது, இன்னொன்று வரவில்லை.

எங்கள் ஓசூரில் சந்தைக்குப் போகிறவன் மூன்று பாஷை பேசியாக வேண்டும். அப்பா கன்னடத்தில்தான் பேசினார். நான் தமிழில் எழுதுகிறேன்.

"தேடிப் பாருங்க சாமி. போட்டு ஆறு நாளாச்சு."

"மூணு தடவை தேடியாச்சு எஜமான்ரே. நாலு மணிக்கு லிஸ்ட் மூடறாங்க. ரெண்டு லெட்டர் இருந்தா பேரு லிஸ்டுல. ஒண்ணு இருந்தா பேரு இதுல." மேசைக்கு அடியிலிருந்த சாக்குப் பையைக் காலால் தொட்டுக் காட்டினார். பை ஏற்கனவே பாதி நிறைந்திருந்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார். இப்போது தமிழ்.

"வாத்தியாரு போட்டாரா இல்லியாடா? கண்ணால பாத்தியா?"

"பாத்தன்பா. பொட்டிக்குள்ள உளுந்த சத்தத்தக் கூட கேட்டன்."

"சத்தத்த வெச்சிக்கினு என்னாடா பண்றது?"

புளி மண்டியில் ஓர் இடம்

நாலு மணிக்குள் அந்தக் கடிதம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே என் தாய்மாமா புளி மண்டி வைத்திருந்தார்.

அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த அன்றே வீட்டுக்கு வந்து, நான் பாஸ் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டு, ஒரு படி புளி கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"காலேஜுல சீட்டு குடுத்தா போ மாப்ள. குடுக்கலியா, எம் மண்டியில ஒரு சீட்டு காலியா வெச்சிருக்கறன். அதுக்கு அப்ளிகேஷன் வாணாம்."

அப்பா சிரித்தார். ஆனால் பேச்சை முடித்துவிட்டார்: ஒரு தடவை முயற்சி. கிடைக்கவில்லை என்றால் மண்டி. அடுத்த வருஷம் பார்ப்போம் என்கிற பேச்சு கிடையாது.

மண்டியில் எனக்கு மனிதர்கள் மேல் குறை இல்லை. புளித் தூசிதான் ஒத்துக்கொள்ளாது. ஒரு தடவை போனால் பதினைந்து இருபது தும்மல் போடுவேன். வாழ்நாள் முழுவதும் தும்முவதா என்று யோசித்திருக்கிறேன்.

மாணவன் கைபடாத கடிதம்

நாங்கள் இருந்தது அப்போதைய சேலம் ஜில்லா. சேலத்தில் கல்லூரி உண்டு, ஆனால் நூறு மைல். பெங்களூர் இருபத்தைந்து மைல்தான், ஆனால் அடுத்த ராஜ்யம். வெளி ராஜ்யத்துப் பையன்களுக்கு அந்தக் கல்லூரி ஒரு நிபந்தனை வைத்திருந்தது.

பாடம் சொன்ன ஆசிரியர்கள் இருவர் தனித்தனியாகச் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டும். உறையை ஒட்டி அரக்கு முத்திரை வைக்க வேண்டும். ஆசிரியரே நேராக முதல்வர் பேருக்குத் தபாலில் சேர்க்க வேண்டும். மாணவன் கையால் கொண்டு வரும் கடிதம் ஏற்கப்படாது. இந்தக் கடைசி வரியின் கீழே மட்டும் கோடு போட்டு அச்சடித்திருந்தார்கள்.

என் பேத்தி இரண்டு வருஷங்களுக்கு முன்பு வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். ஆசிரியர்களின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்ததோடு அவள் வேலை முடிந்தது. கடிதத்தை அவர்களே கணினியில் ஏற்றிவிட்டார்கள். "எழுதினதைப் பாக்க மாட்டேன்னு இதுல ஒரு டிக் அடிக்கணும் தாத்தா" என்றாள். இவ்வளவு காலத்தில் அரக்கு மட்டும்தான் போயிருக்கிறது, அவநம்பிக்கை அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவளும் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று நாளுக்கு நாலு தடவை திறந்து பார்த்தாள். அதில் என் ரத்தம்.

எனக்கு முதல் கடிதம் தலைமையாசிரியர் கொடுத்தது. அவர் எல்லோருக்கும் ஒரே மூன்று வரிதான் எழுதுவார். பள்ளிக்கூட முத்திரை இருந்தது, தபால் பை இருந்தது. ஒரு சிரமமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது கடிதத்துக்குக் கணக்கு வாத்தியார் பெருமாள் சாரைத்தான் நம்பியிருந்தேன். எனக்கு நல்ல மார்க் வந்தது கணக்கில் மட்டும்தான். ஆனால் அந்தக் கோடையில் அவரை ஊத்தங்கரைப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அவர் குடும்பத்தோடு சொந்த ஊரான சிங்காரப்பேட்டைக்கே போய்விட்டார்.

கூச்சப்பட்ட வாத்தியார்

ஒரு உறை, இரண்டணா தபால் தலை, ஒரு அரக்குக் குச்சி. இவற்றை வாங்கிக்கொண்டு அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை விடியற்காலை ஓசூரில் பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரியில் மாறி, ஊத்தங்கரையில் மாறி, சிங்காரப்பேட்டையில் இறங்கும்போது மத்தியானம் ஒன்றரை. அரக்குக் குச்சி வெயிலில் இளகிவிடுமோ என்று வழியெல்லாம் சட்டைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

பெருமாள் சார் வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நிபந்தனையைப் படித்தார்.

"நீ கொண்டாந்த கவரு. இத நீ தொட்டிருக்கறயே, பரவால்லியா?"

"காலிக் கவரு தான சார்."

"அப்ப சரி. போய் அந்தப் புளிய மரத்தாண்ட உக்காரு."

"நான் பாக்க மாட்டன் சார்."

"நீ பாக்கறதப் பத்தி இல்லடா. ஒருத்தன வெச்சிக்கினு அவன நல்லவன்னு எழுத எனக்குக் கூச்சமா இருக்குது."

அங்கிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது, எழுத்து மட்டும் தெரியவில்லை. ஒரு தாளை எழுதிக் கிழித்தார். மறுபடி எழுதினார். உறையில் போட்டு ஒட்டினார். அரக்கை விளக்கில் காட்டிச் சொட்டவிட்டார். அப்போதுதான் அழுத்துவதற்கு முத்திரை இல்லை என்று தெரிந்தது.

"ஏ, ஏதாவது பித்தாள சாமான் குடு. சீக்கிரம், காய்ஞ்சிரும்" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

வாத்தியாரம்மா ஓடிவந்து தன் குங்குமச் சிமிழைக் கொடுத்தார். அதன் மூடியில் ஒரு தாமரை செதுக்கியிருந்தது. அதை அழுத்தினார். சிவப்பு அரக்கில் தாமரை பூத்துவிட்டது.

முதல்வர் பெயரை முன்பக்கமும் தன் பெயர், ஊரைப் பின்பக்கமும் எழுதி, அரக்கு ஆறட்டும் என்று உறையைப் பலகை மேல் வைத்துவிட்டுச் சட்டை போட உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் வாத்தியாரம்மா மஞ்சளைக் குழைத்து உறையின் நாலு மூலையிலும் தடவிவிட்டார்.

"இதுக்கு எதுக்கு இப்ப மஞ்ச?" என்றார் சார்.

"நல்ல காரியத்துக்குப் போவற கடுதாசி. நாலு மூலையும் மொட்டையா அனுப்புவாங்களா? பையன் எம்மாந்தூரத்திலருந்து வந்துருக்கறான்."

சார் உறையைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் கூடாது என்று நிபந்தனையில் இல்லை. அதோடு அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் மஞ்சள் படாத காகிதம் துக்கச் செய்தி.

பதிவுத் தபாலில் அனுப்பலாமா என்று கேட்டேன். "வெறுங் கவரு போவாதுன்னா கெவர்மெண்டு எதுக்கு ரெண்டணா வாங்குது?" என்றார். தபால் பெட்டிவரை கூடவே போனேன். அவர் கையால் போட்டார். சத்தம் கேட்டது.

பிரம்புக் கூடை

இனி கம்பிச் சன்னல்.

பதினொன்றரை மணிக்குத் தபால் வந்தது. இதில் இருந்தாலும் இருக்கும் என்று அப்பா சன்னலை விட்டு நகரவில்லை. குமாஸ்தா கட்டை அவிழ்த்து, சீட்டாடுகிறவர்போல வேகமாகப் பிரித்தார். வெள்ளை உறைகளும் பழுப்பு உறைகளும் மேசை மேல் விழுந்தன. நடுநடுவே ஒன்றிரண்டை மட்டும், மேலே எழுதியிருப்பதைப் பார்க்காமலே, பக்கத்திலிருந்த பிரம்புக் கூடையில் போட்டார்.

கூடையில் விழுந்த உறைகளின் மூலைகள் மஞ்சளாக இருந்தன.



"அப்பா, அந்தக் கூடையில போடறது என்னான்னு கேளுப்பா."

அப்பா கேட்டார். குமாஸ்தா தலையைத் தூக்கவில்லை.

"மதுவே பத்ரிகே. கல்யாணப் பத்திரிகை. இந்த மாசம் முகூர்த்தம் ஜாஸ்தி. சாயங்காலம் பிரின்சிபால் ஐயா வீட்டுக்குப் போயிடும். அம்மா பாத்துக்குவாங்க."

"என் லெட்டர்லயும் மஞ்ச தடவியிருக்குது சார்" என்றேன். 

குமாஸ்தா முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "உனக்கும் கல்யாணமா?" என்றார்.

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பத்துப் பையன்களும் சிரித்தார்கள். நல்ல மனிதர்தான். சிரித்து முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். அதில் இல்லை. முந்தைய நாட்களின் தபால் வீட்டுக்குப் போய்விட்டது.

"முனியப்பா, இவங்களைக் கூட்டிட்டுப் போ. லெட்டர் இருந்தா நீ எடுத்துட்டு வா. பையன் கை படக்கூடாது" என்று பியூனை அனுப்பினார்.

உறையின் இடது பக்கம்

முதல்வரின் வீடு கல்லூரி மதிலுக்குப் பின்னாலேயே இருந்தது. முதல்வர் இல்லை. கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், மூன்று மூன்றரைக்கு வருவார் என்று அவர் மனைவி சொன்னார். பெரிய கண்ணாடி போட்ட, பருத்த, சாந்தமான அம்மாள். கன்னடம்தான் படிப்பார், இங்கிலீஷில் பேரும் விலாசமும் மட்டும் எழுத்துக் கூட்டுவார் என்று முனியப்பா வழியிலேயே சொல்லியிருந்தான்.

சிங்காரப்பேட்டையிலிருந்து ஒரு கடிதம் என்று அப்பா ஆரம்பித்தார். அம்மாளின் முகம் மலர்ந்தது.

"சிங்காரப்பேட்டைக்காரங்களா? அதுக்குள்ளயே வந்துட்டீங்களே. உள்ள வாங்க. நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

 "பையன் வீடுங்கம்மா" என்றார் அப்பா. அது உண்மைதான்.

அம்மாள் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். அதில் அடுக்கியிருந்த பத்திரிகைகளில் மேலாக என் உறை இருந்தது. தாமரை அரக்கு உடையவே இல்லை. ஆனால் உறையின் இடது பக்கம் நீளமாகக் கத்தியால் கிழித்திருந்தது.

"இவ்வளவு அழகா முத்திரை வச்சிருக்காங்க, உடைக்க மனசு வரலை. அதான் ஓரமாப் பிரிச்சேன். இங்கிலீஷ்ல கையால எழுதியிருக்காங்க. மேஷ்ட்ரு பாவம், அச்சடிக்க வசதியில்லை போலிருக்குன்னு நினைச்சேன். நேத்தே ஆசீர்வாதம் எழுதி ரெண்டு ரூபாய் மணியார்டர் அனுப்பிட்டேன்."

"யாருக்கும்மா?" என்றார் அப்பா.

"கவர் பின்னால பேர் இருக்கே, அந்தப் பெருமாள் மேஷ்ட்ருக்கு."

அப்பா மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். முனியப்பா திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முத்திரையிட்ட உறை என்பதுதான் நிபந்தனை. இது கிழிந்த உறை. கடிதம் கிடைத்தும் போய்விட்டது.

முனியப்பா அதை எடுத்துக்கொண்டு போக மறுத்தான். கிழிந்ததைக் கொண்டுபோனால் தான்தான் கிழித்ததாக ஆகும் என்றான். அவன் பயமும் நியாயம். முதல்வர் வரட்டும் என்று உட்கார்ந்தோம். கூடத்தில் ஒரு கடிகாரம் இருந்தது. அதை நான் பார்த்த அளவு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அம்மாள் சோறு போட்டார். மூன்றே முக்காலுக்கு முதல்வர் வந்தார். கையில் தேங்காய்ப் பை, நெற்றியில் அட்சதை ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாள் நடந்ததைச் சொல்லச் சொல்ல நின்றபடியே கேட்டார். உறையை வாங்கி முத்திரையைப் பார்த்தார். கிழிந்த பக்கத்தைப் பார்த்தார். கடிதத்தை எடுத்துப் படித்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏன் திரும்பி நிக்கறே?"

"நான் பாக்கக் கூடாது சார்."

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். பிறகு மனைவியிடம் சொன்னார்: "இருபது வருஷமா என் பேருக்கு வர்ற கடிதத்தை நீதான் பிரிக்கிறே. நீ பிரிச்சா நான் பிரிச்ச மாதிரி."

அதே உறையின் மேல் பேனாவால் எழுதினார்: செவ்வாய்க்கிழமை பெறப்பட்டது. கீழே கையெழுத்து. தபால் முத்திரையிலும் செவ்வாய்க்கிழமைத் தேதிதான் இருந்தது, பொய் ஒன்றுமில்லை. முனியப்பா அதை வாங்கிக்கொண்டு ஓடினான். நாலு மணி அடிக்க மூன்று நிமிடம் இருந்தது.

"கணக்கு வருமா?" என்று முதல்வர் என்னைக் கேட்டார்.

"வரும் சார்."

அவ்வளவுதான். பெருமாள் சார் என்ன எழுதியிருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது, மஞ்சளோடு வந்தவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று அம்மாள் வெற்றிலை பாக்கும் தேங்காயும் கொடுத்தார். ஜூஜுவாடியில் எல்லை தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளைச் சோதிப்பார்கள். இந்தப் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் கடை திறந்திருக்கும். போலீஸ்காரர் அப்பாவின் பையைத் தடவித் தேங்காயை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"கண்ணாலத்துக்குப் போயிட்டு வர்றியா பெரியவரே?"

"ஆமாங்க" என்றார் அப்பா. வேறு எதைச் சொன்னாலும் நீளும்.

இரண்டு ரூபாய்

சனிக்கிழமை பட்டியலில் என் பெயர் வந்தது. படிப்புச் சம்பளம் கட்டினோம். மாமா, "அப்ப அந்த சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துட்டுமா மாப்ள?" என்று கேட்டு அனுப்பினார்.

புதன்கிழமை பெருமாள் சாரின் கார்டு வந்தது.  அவர் எழுதியிருந்தது இது: 'உன் கல்லூரியிலிருந்து எனக்கு இரண்டு ரூபாய் மணியார்டர் வந்துள்ளது. கூடவே கன்னடத்தில் ஏதோ எழுதியிருக்கிறது. நான் சிபாரிசுக்குக் கூலி வாங்குகிறவன் அல்ல. கூலி கொடுக்கும் கல்லூரியில் நீ படிக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முதல்வருக்கு எழுதி என் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளப் போகிறேன்.'

மறுநாளே மறுபடி மூன்று பஸ். சார் என்னைப் பார்த்ததும் மணியார்டர் துண்டைத் தூக்கிப் போட்டார்.

"படி. என்னா போட்டிருக்கறான்?"

"மணமக்கள் நூறு வருஷம் வாழட்டும்னு போட்டிருக்குது சார்."

"எந்த மணமக்கள்? மாப்பிள யாரு?"

"நீங்கதான் சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளேயிருந்து வாத்தியாரம்மாவின் சிரிப்பு வந்தது. கதவுக்குப் பின்னால் நின்று அவ்வளவையும் கேட்டிருக்கிறார்.

"கண்ணாலம் ஆயி பதினோரு வருஷம். இப்பதான் மொய்யி வந்து சேந்திருக்குது" என்றார்.

சார் சிரிக்கவில்லை. "இன்னிக்கே திருப்பி அனுப்பறன்."

"மொய்யத் திருப்பி அனுப்புவாங்களா? அவங்க வூட்டு நல்லது வாணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும். அவங்க வூட்லயும் ஒரு காரியம் வரும். அன்னிக்கி மேல ஒண்ணு சேத்து வெக்கணும்." இரண்டு ரூபாயையும் ஒரு துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார். "இது உன் பொறுப்பு கண்ணு. மேல போடற ஒரு ரூபாயி உன்னுது. உன்னாலதான வந்துது?"

 சார் முதல்வருக்கு எழுதவில்லை.

அந்த முடிச்சு இரண்டு வருஷம் என் பெட்டியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. எத்தனையோ நாள் காசில்லாமல் இருந்திருக்கிறேன், அதை அவிழ்க்கவில்லை. இண்டர்மீடியட் பரீட்சை எழுதி முடித்த ஆனி மாதத்தில் முதல்வரின் மகளுக்குக் கல்யாணம். மொய்யெழுத உட்கார்ந்திருந்தவர் அதே குமாஸ்தா.

"யார் பேருக்கு?" என்றார்.

"சிங்காரப்பேட்டை பெருமாள் வாத்தியார். மூணு ரூபாய்."

எழுதப்போனவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இது நிஜக் கல்யாணந்தானே?" என்றார். எழுதினார்.

சிங்காரப்பேட்டைக்கு முதல் தடவை போய்வர நாலு ரூபாய் நாலணா. உறை, தபால் தலை, அரக்கு எல்லாம் சேர்த்து நாலணா. அப்பாவும் நானும் பெங்களூர் போய்வர மூன்று ரூபாய். இரண்டாம் தடவை சிங்காரப்பேட்டைக்கு மறுபடி நாலு ரூபாய் நாலணா. இவையெல்லாம் அப்பா கொடுத்தது. மொய்யில் சேர்த்த ஒரு ரூபாய் மட்டும், பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து நான் சம்பாதித்தது.

ஆக, ஒரு சிபாரிசுக்கு மொத்தம் பன்னிரண்டு ரூபாய் பன்னிரண்டணா.